மகேஸ்வரியைப் படுக்கவைத்த மண்டலம்

நாகம்மா என் சித்தப்பா மகள். அவளை அவள் தாய்மாமன் மாரியப்பனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். மாரியப்பனுக்கு வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. சொந்தத்துக்குள்ளேயே கட்டியதில் வந்த தசை நோய் என்று அவர்கள் மகள் மகேஸ்வரியைப் பார்த்த டாக்டர் சொன்னார். மாரியப்பனின் அத்தைக்கும் இப்படித்தான் நடுவயதில் கால் தளர்ந்தது.

மகேஸ்வரி தரையிலிருந்து எழுந்தால், தொடையில் கையை ஊன்றி ஊன்றித் தன் மேலேயே ஏறுவதுபோல எழுவாள். அப்பா இறந்தபின் கிடைத்த ஆபீஸ் வேலைக்கு மாடிப்படி இறங்கி, நடந்தே போய்வந்தாள்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எலும்புக்குள்ளே கம்பி வைத்தார்கள். "நாளையிலிருந்தே பிடித்து நிறுத்துங்கள். படுத்தே கிடந்தால் இவளுக்குப் போன சதை திரும்ப வராது" என்றார் டாக்டர். நாகம்மா சரியென்று தலையை ஆட்டினாள்.

ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் எலும்பு முறிந்தால் ஒரு மண்டலம் கால் தரையில் படக் கூடாது. நாகம்மாவின் தம்பி அப்படிக் கிடந்துதான் மறுபடி ஏர் பிடித்தான். அவனுக்கு இந்த நோய் இல்லை என்பதை அவள் நினைக்கவில்லை.

"அம்மா, என்னைப் பிடிச்சு நிறுத்து. டாக்டர் சொன்னாருல்ல?"

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. கம்பி வளைஞ்சா யாரு பாக்கது? எலும்பு ஒட்டட்டும்டி."

"அதுக்குள்ள நான் கட்டிலோட ஒட்டிருவேன்."

"வாய்க்கு மட்டும் ஒரு நோவும் இல்ல ஒனக்கு."

மகேஸ்வரி காக்கிமா, சித்தி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ஸ்மிதா, பிடித்து நடக்க ஒரு வாக்கர் கொண்டுவந்து கொடுத்தாள். நாகம்மா அதைப் பால்கனியில் வைத்து, அதன்மேல் துணி காயப்போட்டாள்.

மண்டலம் முடிந்ததும் மகேஸ்வரிக்குத் தலைக்கு ஊற்றி, சூடம் கொளுத்தி, ஆளுக்கொரு பக்கம், உதவிக்குப் போயிருந்த நானும் நாகம்மாவும் பிடித்து நிறுத்தினோம். இரண்டு முழங்காலும் மடிந்துகொண்டன. மறுபடி நிறுத்தினோம். மறுபடியும் அப்படியே.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. டாக்டர் யாரையும் திட்டவில்லை. சக்கர நாற்காலிக்கு இடுப்பளவு எடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் நாகம்மா கேட்டாள்: "எலும்பு ஒட்டிருச்சுன்னுதானே சொன்னாரு, மகேசு?"

"ஆமாம்மா. நல்லா ஒட்டிருச்சு."

இப்போது மாடிப்படி இறங்க மகேஸ்வரியை இரண்டு பேர் தூக்க வேண்டும். ஆள் கிடைக்காத காலையில் ஆபீசுக்கு போன் செய்து லீவு சொல்லிவிடுகிறாள்.