மாட்டுத் தொட்டியின் ஜிலேபிக் கெண்டை

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் பேத்திக்காக நுழைந்த வளர்ப்பு மீன் கடையில் ஒரு மஞ்சள் மீன் தாடை வீங்கி, தீனியைத் தொடாமல் ஒதுங்கி நின்றது.

"ஆப்பிரிக்கா மீனுங்க. வாயில குஞ்சு வெச்சிருக்குது" என்றார் கடைக்காரர். "நம்மூருக் கெணத்து ஜிலேபிக் கெண்டையும் இதே வகையறாதானுங்க."

எழுபதுகளில் நாமக்கல் பக்கம் இருந்த எங்கள் வீட்டு மாட்டுத் தொட்டியின் பாசி வாடை சட்டென்று மூக்கில் ஏறியது. கொசுப்புழுவைத் தின்னட்டுமென்று அப்பா அதில் ஜிலேபிக் கெண்டை விட்டிருந்தார். ஒருநாள் என் கை நிழல் பட்டதும், தாய்மீன் தன்னைச் சுற்றியிருந்த குஞ்சுகளையெல்லாம் வாய்க்குள் இழுத்துக்கொண்டது. தின்றுவிட்டதென்று அலறினேன்.

"பெத்ததையே திங்கறதெல்லாம் இந்த ஊட்டுல இருக்கக் கூடாது" என்று அம்மா அதைக் குழம்புக்குப் பிடித்துத் தண்ணீர்ச் சட்டியில் போட்டாள். அது வாயைத் திறந்தது. சீரகம் போன்ற குஞ்சுகள் உயிரோடு நீந்தி வெளியே வந்தன. அம்மா அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். சட்டியோடு தூக்கிப்போய்த் தொட்டியில் கவிழ்த்தாள்.

"தப்பா நெனச்சுட்டேன் சாமி."

அன்றிலிருந்து வாளியை விடுமுன் தொட்டி விளிம்பை இரண்டு முறை தட்டுவாள். "தண்ணி மொண்டுக்கறேன், புள்ளைங்கள எடுத்துக்க சாமி."

அதே கண்ணாடித் தொட்டியில் பேத்தி கேட்ட நீல மீனைப் பிடிக்கக் கடைக்காரர் வலையை எடுத்தார். மஞ்சள் மீனின் வாயருகே இரண்டு குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. நான் முந்திக்கொண்டு கண்ணாடியை இரண்டு முறை தட்டினேன்.