கியர் மாற்றிக் கொடுக்கப்படும்

கியர் சைக்கிளுக்குப் புதுச் சாமான் மாட்டுவது சுகமான பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், அவர் சைக்கிளுக்குச் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

நான் மாட்டிக் கொடுக்கிறவள். அம்பத்தூரில் ஒரு சைக்கிள் ஷோரூமில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். மெக்கானிக் லீவு போட்ட நாட்களில் பெட்டியில் வந்த சைக்கிள்களை நானே பூட்டிப் பழகினேன். ஷோரூமையே இழுத்து மூடிவிட்ட பிறகு டூல்ஸ் பையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டேன். முகப்பேர், பாடி, ஆவடி, பூந்தமல்லி என்று நான் சுற்றும் பக்கத்தில் ஒரு குன்றுகூடக் கிடையாது. ஏற்றம் என்று பார்த்தால் மேம்பாலம்தான். ஆனால் மலையேறும் சைக்கிள் நிற்காத அபார்ட்மென்ட் பார்க்கிங்கும் கிடையாது. குழாய் ரிப்பேர், ஏசி சர்வீஸ், வாஷிங் மெஷின் என்று அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் புரியும்.

கூட யார் வந்திருக்காங்க?

முகப்பேரில் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க மணியடித்தால் பெர்முடாஸ் போட்ட ஒருவர் கதவைத் திறந்தார். "முன்சக்கரத்து ஷாக் அப்சர்பர மாத்தணும்னு போன் பண்ணியிருந்தீங்களே சார்" என்றேன். அவர் என் தோளுக்கு மேலே படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "மெக்கானிக் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?" "நான்தான் சார்." "ஓ" என்றார். இந்த 'ஓ'வை நான் நிறைய வாங்கியிருக்கிறேன். நீளம்தான் வீட்டுக்கு வீடு வேறுபடும்.

வேலை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். புது ஷாக்கின் குழாயை அளவுக்கு அறுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அறுத்துவிட்டால் சாமானே வீண். நான் ரம்பத்தை எடுத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் மூடிக்கொள்ளத்தான் ஆசை. என் வீட்டுக்காரர் லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். அவர் வண்டியில் காற்று இறங்கினாலே எனக்குத்தான் போன் வரும். கடைசியில் பெர்முடாஸ்காரர் சைக்கிளைக் கீழே இறக்கி, பார்க்கிங்கில் ஒரு சுற்று வந்து, ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"சூப்பரா பண்ணியிருக்கீங்க மேடம். உங்க சார் சொல்லிக் குடுத்தாரா?"

இன்னும் ஒரு பார்சல்

அம்பத்தூரில் ஒரு கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, குரலே உயராத மனிதர். பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கர அடுக்கு, அதான் பல்செட், பெரியதாக ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அது அவர் சக்கரத்தில் ஏறாது. ஏற வேண்டுமென்றால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். "மாத்திரலாமுங்க" என்றார். சக்கரம் மாறியதும் பழைய செயின் சேரவில்லை. செயின் மாறியதும் ஹேண்டில்பாரில் இருக்கும் கியர் லீவர் ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றையும் சொல்லும்போது நானே கெடுத்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர் முகத்திலோ இன்னொரு பார்சல் வரப்போகும் மகிழ்ச்சி.

ஒருநாள், டயர் இன்னும் அகலமாக வேண்டும் என்று கூப்பிட்டார். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறேன், புது டயரில் குட்டிக் குட்டியாக ரப்பர் முள் நீட்டிக்கொண்டிருக்குமே, நாலு தெரு ஓட்டினால் தேய்ந்து போகுமே, அது ஒன்றுகூட உதிரவில்லை. ஜோடிக்கப்பட்டு மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கும் பெண் மாதிரி நின்றது சைக்கிள். "சார், இதை ஓட்டவே இல்லையா?" என்று கேட்டேன். என் அறியாமையை மன்னித்தவர் போலச் சிரித்தார்.

"மொதல்ல சைக்கிள் ரெடியாகட்டுங்க. அப்புறம் ஓட்ட ஆரம்பிச்சுக்கலாமுங்க."

கேரியர் கல்யாணம்

எல்லோரும் சைக்கிளில் எடையைக் குறைக்கச் சொல்வார்கள். கூட்டச் சொன்ன ஒரே ஆள், பாடியில் தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை செய்பவர். யாரோ விற்றுவிட்டுப் போன கியர் சைக்கிளை வாங்கியிருந்தார். கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டு, முன்னால் கூடை, கூடவே பெரிய பெல் எல்லாம் வேண்டும். "இன்னாக்கா இது, கேரியர் இல்லாம ஒரு சைக்கிளா? சோத்து டப்பாவ தலைலயா வெச்சிகினு போறது?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஃப்ரேமில் கேரியர் பூட்ட ஓட்டையே கிடையாது. கிளாம்ப் தேடி நாலு கடை ஏறி இறங்கி, ஒரு வழியாகப் பூட்டினேன்.

அப்போதுதான் அவர் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது அவ்ளோ வெயிட் தாங்காதுண்ணா, முன்சக்கரம் தூக்கிடும்" என்றேன். கேனைக் கட்டினார். முன்சக்கரம் தூக்கியது. அவர் அசரவில்லை. வயிறு ஹேண்டில்பாரில் படும்படி முன்னால் குனிந்து உட்கார்ந்து, சைக்கிளைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெல்லை அடித்தபடியே தெருமுனை வரை போய்த் திரும்பினார்.

"மலையே ஏறும்ன்றாங்கோ, ஒரு தண்ணி கேன் ஏறாதாக்கா?"

இரண்டு போன்

பூந்தமல்லியில் ஒரு தம்பதி. அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நிதானமாக ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு சைக்கிள் வாங்கி, நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பரம்பாக்கம் ஏரி வரை போய் வந்துகொண்டிருந்தார். காலையில் அவர் போன் செய்தார். "எடையக் கொறைக்கணும் மேடம், வேகம் வரணும். எப்பவும் நான்தான் கடைசி." சாயங்காலம் அவர் மனைவி போன் செய்தார். மொட்டை மாடியிலிருந்து பேசியிருப்பார் போலிருக்கிறது, குரலுக்கு நடுவே காற்று இரைந்தது. "வேகமா போக முடியாத மாதிரி ஏதாவது பண்ணிடுங்கம்மா. அவருக்குத் தெரிய வேணாம்."

ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் சைக்கிளில் ஒரு வேலையும் செய்யக் கூடாது. அந்த அம்மாவின் பயமும் பொய்யில்லை. மறுநாள் பார்க்கிங்கில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், ஒன்றும் தெரியாத முகத்தோடு இரண்டு பேரும் நிற்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. "சாருக்கு வேகம் வேணுமாம், மேடத்துக்கு வேகம் வேணாமாம். பேசி ஒண்ணு சொல்லுங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

திரும்பி வந்தபோது அவர் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். "எனக்காக மத்தவங்க வழியில காத்துக்கிட்டு நிக்கிறாங்களே, அப்பதான்டீ நெஞ்சு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நானும்தான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஜன்னல்ல நிக்கிறேன். அது காத்திருக்கிறது இல்லையா?" என்றார் அந்த அம்மா. பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தைச் சின்னதாக்கிவிடலாம் என்று சொன்னேன். ஏற்றத்தில் மூச்சு முட்டாது, எதிர்க்காற்றிலும் கால் லேசாகச் சுற்றும், ஆனால் நேர் ரோட்டில் பறக்க முடியாது. கூட வருகிறவர்கள் அப்போதும் முன்னால்தான் போவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் எழுந்து வந்து அந்தப் பல்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சரி, போடுங்க" என்றார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"போறதுக்கு எத்தன கியர் வேணும்னாலும் வைங்கம்மா. திரும்பி வர்றதுக்கு ஒண்ணு கண்டிப்பா வைங்க."

வந்தது வந்துட்டீங்க

இது எந்த ஊர், எந்த அபார்ட்மென்ட் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் நடப்பதுதான். சைக்கிளைக் கழற்றிப் போட்டதும் சங்கத்துச் செயலாளர் வருவார். தரையில் கிரீஸ் படக் கூடாது, பேப்பர் விரியுங்கள் என்பார். விரிப்பேன். அது விசிட்டர் பார்க்கிங், தள்ளி உட்காருங்கள் என்பார். தள்ளுவேன். அவர் போன பிறகு ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு சைக்கிள் இறங்கும். செயின் கழன்றது, பிரேக் பிடிக்காதது, காற்றே இல்லாதது. எல்லாமே 'ஒரு நிமிஷ வேலை'. ஒருநாள் அப்படி எல்லாவற்றையும் முடித்து, பையை மூடி, ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன். அதே செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் குக்கர் மூடி.

"வந்தது வந்துட்டீங்க, ஸ்பேனரும் வச்சிருக்கீங்க. இந்தக் கைப்பிடிய மட்டும் ஒரு டைட் வச்சிடுங்களேன்."

சட்டென்று கிளம்ப

பட்டாபிராமிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், அம்மாவும் அவளும் மட்டும். ஆவடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. காலை ஷிஃப்ட்டுக்கு விடியும் முன்பே சைக்கிளில் கிளம்ப வேண்டும். "நின்ன எடத்துலருந்து சட்டுனு வேகம் எடுக்கணும்கா. எந்தச் சாமான் வேணும்னாலும் போடுங்க" என்றாள். ஏதோ ரேஸுக்குப் போகிறாள் என்று நினைத்து, "எப்ப போட்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வழியில் வீடே இல்லாமல் நீளமாக ஒரு காம்பவுண்டு சுவர் வரும். கொஞ்ச நாளாக ஒருத்தன் ஹெல்மெட்டோடு பைக்கில் அந்த இடத்தில் பின்னாலேயே வருகிறானாம். பக்கத்தில் வந்து மெதுவாக்குவானாம். ஒன்றும் பேச மாட்டான், போகவும் மாட்டான். நம்பர் பிளேட்டில் துணி கட்டியிருக்கிறான். "அம்மாகிட்ட சொன்னா வேலையே வேணாம்னு உக்கார வெச்சிடும்கா. அப்புறம் நாங்க இன்னா பண்றது?" என்றாள், சமையலறைப் பக்கம் பார்த்தபடி. லேசாக மிதித்தாலே கிளம்பும்படி பின்னால் பெரிய பல்செட் போட்டேன். கட்டைவிரலால் தட்டினால் கியர் மாறும்படி லீவர், புது பிரேக், கையோடு கழற்றி எடுக்கக்கூடிய பெரிய லைட். தெருவிலேயே நிறுத்தி நிறுத்திக் கிளம்பச் சொன்னேன். கியர் போட்டு எழும்பி மிதிப்பது கைவரும்வரை விடவில்லை.

மறுநாள் இருட்டோடு ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் போனேன். அன்றைக்கு எவனும் வரவில்லை. தினமும் போக என்னாலும் முடியாது. அதற்கப்புறம் அந்த நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் புரண்டு படுப்பேன். கெட்ட செய்தி வருமோ என்றிருந்த எனக்கு ஒரு காலையில் அவளே போன் செய்தாள். குரல் படபடவென்று ஓடியது. "இன்னிக்கு வந்தான்கா. பக்கத்துல வந்து ஸ்லோ பண்ணான். எனக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல, நிறுத்திட்டேன். லைட்டக் கழட்டி நேரா மூஞ்சில அடிச்சேன். ஹெல்மெட்டுக்குள்ள தெரிஞ்ச மூஞ்சிக்கா, எங்க தெரு கடைசி ஊடு! பேரச் சொல்லி, 'இன்னாடா வேணும் உனுக்கு'ன்னு கத்தினேன். வண்டியத் திருப்பிகினு ஓடிட்டான். அம்மாவுக்கு அங்கருந்தே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது இப்ப அவன் ஊட்டு வாசல்ல நின்னு கத்திகினு கீது, தெருவே கூடிடுச்சாம்."

"வேலைக்குப் போக வேணாம்னு சொல்லிச்சா?" என்று கேட்டேன். இல்லையாம், லைட்டில் சார்ஜ் இருக்கிறதா என்றுதான் கேட்டதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் தொழில் புத்தி விடுமா? "கியர் சட்டுனு ஏறுச்சா?" என்று கேட்டேன்.

"அய்யோ, கியர் போடவே மறந்துட்டேன்கா."

நான் மாட்டிக் கொடுத்த கியரால்தான் காரியம் நடந்தது என்று ஒருநாளாவது நினைத்துக்கொள்ளலாம் என்றால், அதற்கு இன்றுவரை ஒரு வாடிக்கையாளரும் எனக்கு இடம் கொடுத்ததில்லை.