டூட்டி நேரத்தில் அக்கா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற பிழைப்பு. பழைய கட்டடங்களில் பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுகளை மறுபடி ஓடவைப்பவன். இந்தமுறை ஒரு பஸ்ஸை விட்டு இறங்கி இன்னொன்றைப் பிடிப்பதற்கு நடுவில் கிடைத்த மதியப்பொழுதில், அக்கா இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வந்தான். ஒரே ஆசைதான். அவள் வாயால் 'பொடியா' என்று கூப்பிடுவதை இன்னொருதரம் கேட்டுவிட வேண்டும். போனமுறை வந்தபோது அவனை யாரோ போலப் பார்த்திருந்தாள்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். பலகைத் துளைகளில் ஒயரைச் செருகிச் செருகி ஊரையே பேசவைத்தாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "பொடியன் படிப்பு முடியட்டும்" என்றார் அப்பா. படிப்பு முடிந்தபோது கேட்டு வர ஆளில்லை. சொந்தக்காரர்கள் அதை விதி என்றார்கள். விதிக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. அதன் பெயரைச் சொல்லி உட்கார்ந்து தின்றவர்களுக்கு இரண்டும் இருந்தன. பொடியனும் அந்தப் பந்தியில் இருந்தவன்தான்.

மறதி நோயில் வீடும் உறவும் அவளைவிட்டுப் போயின. வேலை மட்டும் போகவில்லை. கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலியை முதுகு தன் பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். பிரம்புப் பின்னலின் துளைகள்தாம் பலகை. தோளில் கிடந்த துண்டின் குஞ்சம் ஒயர்.

"அக்கா, நான்தான்."

திரும்பாமலே சொன்னாள். "டூட்டி நேரத்துல வீட்டு ஆளுங்க உள்ள வரக்கூடாது. சூப்பர்வைசர் பார்த்தா என்னைத்தான் திட்டுவாரு."

"எக்ஸ்சேஞ்சை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சுக்கா. என்னைப் பாரேன்."

அவள் பார்க்கவில்லை. அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்த மீசைக்காரப் பெரியவர் வெறும் கையைக் காதில் வைத்தார். ஒரு காலத்தில் மரக்கடை முதலாளி. அவருக்கும் இதே நோய்தான்.

"அம்மா, நம்ம மர டிப்போவுக்கு ஒரு லைன் குடுங்க."

"குடுக்காம என்ன சார்? காலையில இருந்து நீங்க கூப்பிடலையேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்." குஞ்சத்தை ஒரு துளையில் செருகிவிட்டுச் சிரித்தாள்.

மெக்கானிக்குக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தச் சிரிப்பு அவனுடையது. இரவு ஷிப்டு முடிந்து வந்து, தூங்குகிறவனை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது அவள் சிரிக்கும் சிரிப்பு. அதை நேற்று வந்த மீசை வாங்கிக்கொண்டு போகிறது.

"நல்ல ஜோடி சார்," என்றாள் மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ். "இவரு பேசலன்னா அம்மா சாப்பிடவே மாட்டாங்க."

"டிப்போ எடுக்கலையேம்மா," என்றார் பெரியவர்.

"எப்படி எடுக்கும்?" மெக்கானிக் வெடித்தான். "உங்க டிப்போவை எப்பவோ இடிச்சுட்டாங்க பெரியவரே. அங்க இப்ப அடுக்குமாடி வீடுங்க இருக்கு. அந்தக் கட்டடத்துல லிஃப்ட் மாட்டினதே நாங்கதான்."

சொன்னது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. வாயில்லாத பூச்சியை நசுக்குகிற சுகம் அது. பெரியவரின் கை காதிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. கண் தரையில் எதையோ தேடியது.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "யாருய்யா லைன்ல குறுக்க பேசுறது? ஒருத்தர் பேசும்போது நடுவுல பூந்து கெடுக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சார், இருக்கீங்களா? சார்?"

பெரியவர் தரையிலேயே தேடிக்கொண்டிருந்தார். "சார், சார்" என்று கூப்பிட்டபடி அவள் குஞ்சத்தை உருவி உருவிச் செருகினாள். நர்ஸ் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினான்.

"ஹலோ. டிப்போதான் பேசுறேன் முதலாளி."

பெரியவரின் கை மெல்லக் காதுக்கு ஏறியது. "எங்கடா போய்த் தொலைஞ்ச, தடிமாடு?"

"சாப்பிடப் போயிருந்தேங்க."

"நீ தின்னுக்கிட்டே இரு. தேக்கு நனையப் போவுது, தார்ப்பாயை இழுத்து மூடு. இந்தம்மா எவ்வளவு நேரமா கத்துறாங்க பாரு, மரியாதையா மன்னிப்புக் கேளு."

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றான் மெக்கானிக்.

திட்டிய தெம்பில் பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனாலும் மெக்கானிக்கின் எரிச்சல் தணியவில்லை. அவர்கள் இருவர் பேச்சில் அவன் கூலிக்கு நிற்கிற ஆளாகிவிட்டான்.

குஞ்சத்தை எடுக்கப்போன அக்கா நிறுத்தினாள். "டிப்போ தம்பி, வச்சிராதீங்க. உங்க குரல் எங்க பொடியன் குரல் மாதிரியே இருக்கு."

 அவனுக்கு அவள் எதிரே போய் நிற்கக் கால் துடித்தது. போனால் லைன் அறுந்துவிடும்.

"அவருக்கு ஒரு லைன் போட்டுப் பேசுங்களேம்மா," என்றான்.

"டூட்டியில இருக்கும்போது அவன்கிட்ட பேசமாட்டேன். பேச ஆரம்பிச்சா எனக்கு வைக்க மனசு வராது. ஊரெல்லாம் லைனுக்குக் காத்துக்கிட்டு நிக்கும். ஷிப்டு முடியட்டும், நேரா அவன்கிட்டதான் போவேன்."

மீசைக்காரர் மேல் இருந்த பொறாமை அந்த நிமிடமே அணைந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று மூண்டது. ஷிப்டு முடிந்து அவள் போய்ச் சேரப்போகிற அந்தப் பழைய பொடிப்பயல் மேல்.

"குடுத்து வச்சவர்மா உங்க தம்பி," என்றான்.

"அது அவனுக்குத் தெரியாது," என்று சொல்லி அக்கா குஞ்சத்தை உருவினாள்.