கதவு திறக்கும் முன் உள்ளே போனவர்

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் உளுந்தைக் கிரைண்டரில் போட்டேன். அந்தச் சத்தத்தில் தொலைபேசி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. என் கணவர்தான் எடுத்தார். “வரதன் சார் போயிட்டாராம். மாரடைப்பு” என்றார். பிள்ளையார்பாளையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். துக்கத்துக்கு முன்பே என் மனதில் வேறொன்று வந்துவிட்டது: அவர் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லையே.

இந்த இரங்கல் கூட்டத்தில் அவருடைய உறவினர்களும் இருப்பதால் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் வைக்கும் சிறிய அணு உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் முன், அதன் குழாய்களைக் கழுவித் தருவது எங்கள் பிரிவின் வேலை. குழாயின் உட்புறம் மெல்லிய துரு படியும். கதிர்வீச்சுப் பொருள் அதில்தான் ஒட்டியிருக்கும். லேசான அமிலக் கரைசலைச் சூடாகச் சுற்றவிட்டு அதைக் கரைத்தெடுப்போம். கழுவுவது வரதன் சார். வெளியே வரும் தண்ணீரைச் சோதிப்பது நான். கரைந்ததெல்லாம் வெளியே வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஓட்டமில்லாத மூலையில் போய்த் தங்கிவிடலாம். கப்பல் உலையின் அறையோ மிகக் குறுகியது; ஃபிட்டர் குழாயை நெஞ்சோடு அணைத்தபடிதான் வேலை செய்ய வேண்டும்.

வாசலருகே கதிர்வீச்சை அளந்தால் போதும் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். அவர் மீட்டரோடு உள்ளே போய், ஃபிட்டர் படுக்கப்போகும் இடங்களையெல்லாம் அளந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

பலமுறை ஒன்றும் அகப்படாது. ஃபிட்டர் தாஸ் சீண்டுவார்: “இன்னா சார், காஞ்சிபுரத்துக்காரர்னு பட்டு மாதிரி அலசிக்கினே இருக்கீங்க? நாங்க எப்பதான் உள்ள போறது?”

“என்ன அவசரம் தாஸ்? உள்ள கல்யாண சாப்பாடா போடறா?” என்பார் அவர்.

ஒரு தடவை நாள் நெருக்கடி. மேலதிகாரி நேரில் வந்து நின்றார். “தண்ணி சுத்தம்னு லேப்லயே சொல்லிட்டாங்க. கதவத் திறங்க வரதன்.”

“தண்ணி சுத்தம்தான் சார். குழாய் சுத்தமான்னு தண்ணிக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் வெளியே ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றோம். ஒவ்வொரு இடமாக அளவைச் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று குரல் நின்றது. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பிறகு, “அடி வால்வுகிட்ட யாரும் வரவேண்டாம். நான் வெளில வரேன்” என்றார். மறுநாள் தாஸ் மல்லாந்து படுக்கவேண்டிய இடம் அது. கரைந்தது போய்த் தங்கியிருந்த அந்த வால்வின் கிளைக்குழாயை மட்டும் மறுபடி கழுவினோம். அதன்பின் தாஸ் பட்டைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில், அந்த வேலைதான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். இதயத்தில் பழைய கோளாறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரதன் சாரின் மனைவியான மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு வேறொன்று சொன்னார்: “ரொம்ப தைரியசாலின்னு எல்லாரும் சொல்றேள். அவருக்கு ஒவ்வொரு தடவையும் பயம்மா. உள்ள போறச்சே கால் நடுங்கறதுடின்னு என்கிட்ட சொல்லுவார். அப்ப போகாதீங்கோளேன்னா, ‘நான் போகலேன்னா தாஸ் போவான், அவனுக்கு எங்க இருக்குன்னு தெரியாதே’ம்பார்.”

அத்தனை ஆண்டுகள் அவரோடு ஒரே பேருந்தில் போய்வந்த எனக்கு இது தெரியாது.

நேற்று மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தார். “வரதன் கழுவி முடிச்சுட்டுத்தான் போயிருக்கார். உங்க ரிப்போர்ட்டும் நல்லா இருக்கு. அவர் இடத்துல நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. திங்கட்கிழமை ஆளுங்க உள்ள போகணும்.” நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

இதுவரை நான் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அதற்கான பயிற்சி பெற்றிருக்கிறேன், தேவைப்படாமல் பார்த்துக்கொண்டேன். வரதன் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது மாமி சொன்ன அந்த ஒரு செய்திதான்: பயந்துகொண்டே போகலாம். நாளை திங்கட்கிழமை காலை யாரும் நுழையும் முன் மீட்டரை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போகப்போகிறேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

இந்த நிமிடம்வரை இதை யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.