ரன்வாவின் மருந்துப் புட்டி

மீன் வாடை எங்கள் ஊரில் யாரைத்தான் விட்டது? கிளாக்ஸ்விக் மீன் ஆலையில் வேலை பார்க்கிற எல்லோர் மேலும் அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ரன்வா ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் குளித்துத் தேவாலயத்துக்கு வரும்போதும் அவள் மேல் வீசும். அது மீன் இல்லை, அவள் குடிக்கிற மருந்து.

அவளும் நானும் ஒரே மேசையில் மீன் அறுக்கிறோம். அவள் புருஷன் கடலோடு போய்விட்டான். ஒரே மகள் மர்யூன். ரன்வா அதிகம் பேசாதவள்தான், ஆனால் மகள் விஷயம் என்றால் யாரோடும் மல்லுக்கு நிற்பாள்.

கோபன்ஹேகனுக்குப் படிக்கப் போன மர்யூன் இறைச்சி சாப்பிடுவதையே விட்டுவிட்டு வந்து நின்றாள். எங்கள் தீவில் ஒரு பெண் இதைவிடப் பெரிய குற்றம் எதுவும் செய்துவிட முடியாது. கொட்டகையில் காற்றில் தொங்கி உலர்கிற ஆட்டுத்தொடைதான் எங்களுக்கு உயிர். கிறிஸ்துமஸ் விருந்தில் ரன்வாவின் அண்ணன் சாமல் ஆரம்பித்தான்.

“ஏம்மா, ஆட்டத் திங்க மாட்டேன்னு சொல்லிச் சொல்லி ஆடாவே மாறிட்டியா? பனிக்கு அடியில புல்லு கெடக்கு, தோண்டித் தரட்டுமா?”

எல்லோரும் சிரித்தோம். அவன் ஒரு துண்டைச் சீவி மர்யூனின் தட்டில் வைத்தான். ரன்வா அதை எடுத்து அவன் தட்டிலேயே போட்டாள்.

“எம்பொண்ணு தட்டுல இன்னொரு தடவை கை வச்சே, தங்கச்சி வீடுன்னு இந்தப் படி ஏறாதே, ஆமா!”

மகளுக்கு உருளைக்கிழங்கைத் தனிச் சட்டியில் வேகவைத்துக் கொடுத்தாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் அம்மா எனக்காக ஒரு நாளும் இப்படி வாய் திறந்ததில்லை.

புத்தாண்டு கழிந்ததும் மர்யூனுக்குக் காய்ச்சல். தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. “அசதியா இருக்கும்மா” என்றாளாம். “தூங்கு கண்ணு” என்றாளாம் இவள். காலையில் பெண் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள், ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் காரணம் தேடித் தீவு முழுக்க ரத்தப் பரிசோதனை வந்தது. ரத்தத்தில் ஏதோ குறை என்று ரன்வாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துணைக்கு நான் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

“ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. கண்டதையும் உள்ள விடாது. அதுல புரதங்கள் பதிஞ்சிருக்கும். ஒண்ணு உப்புக்கு வழி விடும், ஒண்ணு வெளியில இருந்து வர்ற சேதிய உள்ள சொல்லும், ஒண்ணு பக்கத்து செல்லைப் புடிச்சுக்கும். கொழுப்ப எரிச்சு இதயம் ஓடணும்னா கார்னிடின்னு ஒரு பொருள் வேணும். அதை உள்ள தூக்கிட்டுப் போற புரதம் உங்களுக்குப் பொறவியிலயே வேலை செய்யல. உங்க மகளுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்.”

“அப்ப நான் எப்படி உசுரோட இருக்கேன்?”

“சாப்பாட்டுல அது நெறைய வந்தா, கொஞ்சமாவது கசிஞ்சு உள்ள போயிடும். ஆட்டுக்கறியிலதான் அது அதிகம். நீங்க தெனமும் சாப்பிடுறதால…” ரன்வாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

“அன்னிக்கு எங்கண்ணன் வச்சத அவ தின்னிருந்தா?”

“ஒரு துண்டால ஒண்ணும் ஆகியிருக்காதும்மா.”

“மறுநாளும் தின்னிருந்தா? அதுக்கு மறுநாளும்?”

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். கேலி பண்ணினவன் தெரியாமலே சரியானதைச் செய்திருக்கிறான். பெற்றவள் பாசத்தில் அதைத் தூக்கி எறிந்திருக்கிறாள். நினைத்தாலே எனக்குக் கடவுள் மேல் ஆத்திரம் வருகிறது.

புட்டியில் கார்னிடின் கொடுத்தார்கள், வாழ்நாள் முழுக்க வேளை தவறாமல் குடிக்க வேண்டும். இவள் எங்கே குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஒரு நாள் ஆலையில் காப்பி நேரத்தில் கேட்டே விட்டேன்.

“ஒழுங்கா குடிக்கிறியே, மனசு கொஞ்சம் தேறிடுச்சாடி?”

“நிறுத்துனா, அவளுக்கு வந்த மாதிரியே தூக்கத்துல சாவு வந்துடும். வலி தெரியாது.” வாயைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு எதுக்குடி அந்தச் சுகம்?”

புட்டியை மூடிப் பையில் வைத்தாள். மணி அடித்தது. கத்தியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.