ரெண்டு லைன், ஒரே கம்பம்

ஒரு இன்டர்நெட் லைனே ஒழுங்காக வராத ஊரில், வீடு வீடாகப் போய் "ரெண்டு லைனாக வாங்கிக்கொள்ளுங்கள், சேர்த்து வைத்துத் தருகிறேன்" என்று சொல்வதுதான் கொல்கத்தாவில் என் பிழைப்பு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அதனால் லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்து, பெங்காலியில் சண்டை போடக் கற்று, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். "நெட் போச்சு" என்று மோடத்தின் தலையில் தட்டிப் பார்த்திருக்கும் அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும்.

கூட்டம் கேட்கும் பெட்டி

ஜாதவ்பூரில் தபன்-தா (இங்கே அண்ணன் என்றால் 'தா', 'தாதா'; அக்கா என்றால் 'தீதி') ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எட்டு கம்ப்யூட்டர், ஒரு லைன். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் மாணவர்கள் அடித்துக்கொள்வார்கள். இன்னொரு லைனும், இரண்டையும் சேர்க்கும் ஒரு பெட்டியும் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை போன்: "ஸ்பீடு டபுள் ஆகவே இல்லை!"

போய்ப் பார்த்தால், கடை திறக்கும் முன் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு ஃபைலை டவுன்லோடு செய்துகொண்டிருக்கிறார். "தாதா, ரூட்டில் ரெண்டு மினி பஸ் விட்டால் எல்லாருக்கும் சீட் கிடைக்கும். அதற்காக ஒருத்தர் ரெண்டு பஸ்ஸிலும் ஏறிச் சீக்கிரம் போக முடியாது" என்றேன். பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபைலை ஓடவிட்டுக் காட்டினேன். இரண்டும் குறையாத வேகத்தில் இறங்கின. மனிதர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புரிஞ்சுபோச்சு தீதி. கூட்டம் இருந்தாத்தான் இந்தப் பெட்டிக்கு வேலை. கூட்டம் வர்றதுக்கு ஏதாவது பெட்டி இருக்கா?"

குங்குமம்

நியூ டவுனில் ஒரு ஆபீஸ். ஒரு லைன் செத்தால் பெட்டி தானாகவே எல்லாரையும் இன்னொன்றுக்கு மாற்றிவிடும். செத்த லைனுக்குச் சிவப்பு விளக்கு எரியும். நவம்பரில் ஒருநாள் மொத்தமும் நின்றுபோக, மேனேஜர் கத்தின கத்தலில் ஓடினேன். முதல் லைன் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று போனது இரண்டாவது.

பெட்டியின் மேல், நம் ஆயுத பூஜை மாதிரி செப்டம்பரில் வரும் விஸ்வகர்மா பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை காய்ந்து கிடந்தது. விளக்குகள் மேலேயே பொட்டு வைத்திருந்தார்கள். "சிவப்பு எரிந்ததை யாருமே பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "பூஜையிலேர்ந்து ரெண்டுமே சிவப்பாத்தான் இருக்கு மேடம். எது குங்குமம், எது லைட்டுன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அம்மா வந்த வழி

பவானிபூரில் மிஸஸ் பானர்ஜி ஒரு சின்ன ஆபீஸ் நடத்தினார். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்து, அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். "ரெண்டு தனித்தனி கம்பெனி லைன். ஒன்று விழுந்தாலும் இன்னொன்று நிற்கும்" என்று நான் மார்தட்டியிருந்தேன்.

துர்கா பூஜைக்கு நாலு நாள் முன்னால் இரண்டும் ஒன்றாகப் போயின. தெருவில் இறங்கிப் பார்த்தால், அக்கம்பக்கத்தார் சேர்ந்து பூஜை நடத்தும் பாடா கிளப்பின் துர்கை சிலை லாரியில் வந்து நிற்கிறது. அம்மன் கிரீடத்தில் இரண்டு ஒயரும் சிக்கி அறுந்து தொங்குகின்றன. கம்பெனி இரண்டு என்று பார்த்த நான், இரண்டு ஒயரும் ஒரே கம்பத்தில் கட்டியிருந்ததைப் பார்க்கவில்லை. மிஸஸ் பானர்ஜி என்னைத் திட்டக்கூட இல்லை. ஃபைல்களை சிடியில் எழுதி எடுத்துக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்து ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டார். வேலை நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பத்தடியில் ஒயரை முடிச்சுப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் கிளப் செக்ரட்டரி ஆறுதலாகச் சொன்னார்: "அவசரப்பட்டு இழுத்துக் கட்டாதீங்க தீதி. தசமி அன்னிக்கு அம்மா திரும்பிப் போறதும் இதே வழிதான்."

ரெண்டு ஆளாகிவிட்ட மாமா

எங்கள் தெரு வெங்கடேசன் மாமா துறைமுகத்தில் ரிட்டயர் ஆனவர். சென்னையில் இருக்கும் மகளோடு வெப்கேமில் பேசும்போது படம் உறைந்துபோகிறதென்று, போன் கம்பெனி லைன், கேபிள்காரர் லைன் இரண்டும் வாங்கினார். நான்தான் பெட்டி வைத்தேன். அடுத்த வாரமே, கர்ப்பமாக இருந்த மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, நாள் குறித்ததற்கு முன்னாலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டும் என்றார்கள்.

உடனே சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்; அவசர டிக்கெட்டுக்கான தத்கால் முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறக்கும். முதல் நாள் மாமா பெயரும் வயதும் அடித்து அனுப்ப, "மறுபடி லாகின் செய்யவும்" என்று வந்தது. மூன்று தடவை அப்படியே. டிக்கெட் தீர்ந்துவிட்டது. "என் விரல்தாம்மா மெதுவா போறது" என்று மறுநாள் ஏழரை மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

எட்டு மணிக்கு நானே அடித்தேன். என்னையும் வெளியே தள்ளியது. அப்போதுதான் உறைத்தது. பெட்டி, அவர் பெயரை ஒரு லைனிலும் வயதை இன்னொரு லைனிலும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. எதிர்முனையில் யாரோ ரெண்டு பேர் ஒரே டிக்கெட்டுக்கு நுழைகிறார்கள் என்று நினைத்துத் துரத்துகிறார்கள். நேற்று அவர் விரலில் குற்றமே இல்லை, குற்றம் என்னுடையது. பெட்டியின் அமைப்பை மாற்றப் பத்து நிமிஷமாவது ஆகும். மேஜைக்கடியில் குனிந்து கேபிள் லைனைப் பிடுங்கினேன்.

எட்டு ஆறுக்கு இரண்டு பெர்த் கிடைத்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பு என்மேல் என்று விஷயத்தைச் சொன்னேன். மாமி காபியை என் பக்கம் தள்ளினாள்: "ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசினா எந்த கவுன்ட்டர்ல டிக்கெட் குடுப்பான்? இதைப் படிக்கவா நாலு வருஷம் காலேஜுக்குப் போனே?"

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். ரெண்டு லைனைச் சேர்ப்பதற்காகப் படித்த நான், ஒன்றைப் பிடுங்கினதற்காக மட்டும்தான் இந்த ஊரில் ஒரு வீட்டில் வாயார வாழ்த்தப்பட்டிருக்கிறேன்.