வெட்கமே இல்லாமல்

எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல் மழையில் நனைந்தபோது, கலெக்டருக்கு மனு எழுதியவன் நான். இங்கிலீஷில் எழுதினால்தான் அசைவார்கள் என்று ஊரே என்னிடம் வந்தது.

நிலையத்துக் காவலாளி செல்வராசு நெல்லை மூடத் தாமதித்தார் என்பதுதான் புகார். எழுதிப் பார்த்தால் சப்பென்று இருந்தது. 'அட்டர்லி' பொறுப்பற்றவர், 'ஷேம்லெஸ்லி' வேடிக்கை பார்த்தவர் என்று காரம் ஏற்றினேன். படித்துக் காட்டியபோது பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனு ஊரார் பெயரில் போனது. செல்வராசு பக்கத்து ஊர்க்காரர். எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது. வேலைநீக்க உத்தரவோடு ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்றார்.

"இங்கிலீஷ்ல இருக்கு சார். என்னைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

என் வார்த்தைகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். "துளிகூடப் பொறுப்பில்லாதவர்" என்றேன். அடுத்ததைத் தாளைப் பார்த்தபடியே சொன்னேன். "வெட்கமே இல்லாம வேடிக்கை பாத்தவர்..."

அவர் முகம் சுருங்கிப்போனது.

"இருந்ததே ஒரு கிழிஞ்ச தார்ப்பாய். அதை இழுத்துக்கிட்டு மழையில ஓடினேனே, நீங்ககூட பாத்தீங்களே சார்?"

பார்த்தேன். எழுதும்போதும் அது நினைவில் இருந்தது.

"அப்ப நீங்களே ஒரு பதில் எழுதிக் குடுங்க சார். இதே மாதிரி கெட்டியா."

தெரிந்த கெட்டியான வார்த்தைகளையெல்லாம் கொட்டி எழுதினேன். ஒரு பதிலும் வரவில்லை. அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவும் இல்லை. உண்மையை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

கடைத்தெருவில் பார்த்தால் இப்போதும் கும்பிடுகிறார்.

"எனக்காக எழுதினது நீங்க ஒருத்தர்தான் சார்."